கை நனைக்காமல் போன சம்பந்தி

வெள்ளியங்கிரி எங்கள் வீட்டில் கை நனைக்காமல் எழுந்து போய்விட்டார்.

பெண்ணைப் பெற்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தால் காப்பி குடிப்பார்கள், மிக்சர் தின்பார்கள், ஆனால் இலையில் உட்கார மாட்டார்கள். சம்மதம் என்று ஆன பிறகுதான் சாப்பாடு. இலை போட்டுக் கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, இனி நாள் குறிப்பதுதான் பாக்கி. சாப்பிடுவதாகச் சொல்லிவிட்டு வந்து, இலை போட்ட பிறகு எழுந்து போனால் என்ன அர்த்தம் என்று நீங்களே புரிந்துகொள்ளலாம்.

அவர்கள் சாப்பிடுவதாகச் சொல்லித்தான் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பூவாத்தாள் முதல் நாளே தாராபுரத்திலிருந்து போன் போட்டு, "அம்மணி, நாளைக்கு வந்து கை நனைச்சுப்போட்டே போறமுங்க" என்றார். நானும் விடியற்காலையில் எழுந்து சாம்பார், ரசம், வடை, பாசிப்பருப்புப் பாயசம் எல்லாம் செய்து, ஒப்புட்டும் தட்டி வைத்தேன். நான் திண்டுக்கல்காரி, எங்கள் ஊரில் அது போளி. கல்யாணமாகிக் கோயமுத்தூருக்கு வந்து ஒப்புட்டு என்று சொல்லவும் பழகிவிட்டேன், வட்டமாகத் தட்டவும் பழகிவிட்டேன். இந்த ஊர்க்காரர்களின் பணிவுதான் இன்னும் எனக்கு ஒத்து வரவில்லை. ஒருவருக்கு உங்கள் மேல் கோபமா, சந்தோஷமா, கடன் கேட்க வந்திருக்கிறாரா, எதுவும் தெரியாது. எல்லாவற்றுக்கும் ஒரே 'ங்க'தான்.

இந்தச் சம்பந்தம் கைகூட வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மகள் மதிவதனி சரவணம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். இதற்கு முன் வந்த வரன்களையெல்லாம் ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்தவள், தமிழ்ச்செல்வன் போட்டோவைப் பார்த்ததும் "பேசிப் பாக்கறேன்மா" என்றாள். பையன் மாட்டு டாக்டர். ஒரு மாதமாக இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பசுவுக்குப் பிரசவம் பார்த்த கதையைக் கேட்டுக்கொண்டே சோற்றை அளைந்துகொண்டிருப்பாள், கேட்டால் ஆபீஸ் போன் என்பாள். பெற்றவளுக்குத் தெரியாதா? அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இதற்கு நடுவில்தான் இன்னொரு விஷயம் தெரிய வந்தது. என் வீட்டுக்காரர் கதிரேசன் முன்னாள் ராணுவம். இப்போது ஒரு மில்லில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். பையனின் அப்பா வெள்ளியங்கிரியும் ராணுவத்தில் இருந்தவர் என்று தரகர் சொன்னார். எந்தப் பட்டாளம், எந்த வருஷம் என்று விசாரித்தால் இரண்டு பேரும் கார்கில் சண்டையின்போது ஒரே கம்பெனியில், அதாவது பட்டாளத்தின் ஒரே பிரிவில் இருந்திருக்கிறார்கள்.

"அட, வெள்ளியங்கிரி அண்ணனுங்களா!" என்று இவர் துள்ளிக் குதித்தார்.

"அண்ணன்னு கூப்பிட்டீங்கன்னா பொண்ணும் பையனும் அண்ணன் தங்கச்சி ஆயிருவாங்க. மச்சான்னு பழகுங்க" என்றேன்.

அன்று முழுக்க மச்சான் மச்சான் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி அந்தப் படங்களுக்கு வருகிறேன். சண்டை நடந்த வருஷம் இவர் இருபத்து நாலு வயசுச் சிப்பாய். துப்பாக்கி பிடித்த நேரம் போக, மீதி நேரத்தில் கேலிப்படம் போடுவார். பால் டின் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, பெட்டிகளுக்கு நம்பர் போடும் மையால் வரைந்து, லங்கர் கூடாரத்தில் குத்தி வைப்பார். லங்கர் என்றால் பட்டாளத்துச் சமையல்கட்டு. காலையில் டீ வாங்க வருகிறவர்கள் எல்லாம் அன்றைக்கு யார் மாட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் டம்ளரை நீட்டுவார்களாம். அதிகாரிகளும் வந்து பார்ப்பார்களாம். சண்டை முடிந்ததும் இவர் அந்த அட்டைகளையெல்லாம் டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். போர்க்கதை கேட்டால் வாய் திறக்கமாட்டார். இந்தப் படங்களை மட்டும் எடுத்துக் காட்டுவார்.

உண்மையிலேயே நன்றாக இருக்கும். ஒன்றில் ஒரு சிப்பாயின் நெஞ்சில் குண்டு பட்டு வளைந்து கீழே விழுகிறது; சட்டைப் பையிலிருந்து லங்கர் பூரி எட்டிப் பார்க்கிறது. இன்னொன்றில் குளிக்க உத்தரவு போட்ட சுபேதார் முன்னால் ஒருவன் தலைக்கு மேல் சொம்பைக் கவிழ்த்தபடி நிற்கிறான். தண்ணீர் பாதியிலேயே உறைந்து கம்பியாக நிற்கிறது. "குளிச்சாச்சு சாப்" என்கிறான். மலையேறும் கோவேறு கழுதை ஒன்று கையை வீசிக்கொண்டு முன்னால் போக, மூட்டையைச் சுமந்துகொண்டு சிப்பாய் பின்னால் போவான். கழுதையின் தோளில் அவனைவிட ஒரு பட்டை அதிகமாக இருக்கும். பெரிய மீசைக்காரன் ஒருவனின் மீசை பனியில் விறைத்து இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் நாலு பேர் காலுறை காயப் போட்டிருப்பார்கள்.

எனக்குச் சிங்காநல்லூரில் ஃபிளெக்ஸ் அடிக்கும் கடை இருக்கிறது. பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, கடைத் திறப்பு எல்லாம் நானே டிசைன் செய்து அடிப்பேன். சம்பந்தி பழைய தோழர் ஆயிற்றே, பார்த்தால் மனம் குளிர்ந்துவிடுவார் என்று அந்தப் படங்களையெல்லாம் ஸ்கேன் செய்து, பெரிதாக அடித்து, முன்னறைச் சுவர் முழுக்க வரிசையாக ஒட்டி வைத்தேன். யாரும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. நானாகத்தான் செய்தேன்.

வெள்ளியங்கிரி வந்தார். வாட்டசாட்டமான ஆள். நரைத்த பெரிய மீசை. இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார், சிரித்தார், மதிவதனியின் தலையில் கை வைத்தார். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் இலை போட்டேன். "அதுக்குள்ளார படத்தையெல்லாம் பாத்துப்போட்டு வாரனுங்க" என்று எழுந்தார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தபடி கடைசிவரை போனார். மறுபடி கடைசியிலிருந்து முதல் படம்வரை பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு படத்துக்கும் சிரிக்கவில்லை. திரும்பியபோது முகம் சுண்டிப்போயிருந்தது.

"ஒரு அவசர சோலி இருக்குதுங்க. இன்னொரு நாளைக்கு வாரமுங்க. போச்சாதுங்க, பரவாயில்லீங்க, சாப்பாடு எங்க போகுது" என்றார்.

பூவாத்தாளுக்கும் ஒன்றும் புரியவில்லை. தமிழ்ச்செல்வன் அப்பாவைப் பார்த்தான், மதிவதனியைப் பார்த்தான். செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஒப்புட்டு அடுக்கியபடியே இருந்தது.

அவர்கள் கார் தெரு முனை திரும்பியதும் நான் இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"எந்தப் படம்?"

"எந்தப் படம்னா?"

"எந்தப் படத்துல அவரைக் கிண்டல் பண்ணுனீங்க?"

"ஒண்ணுலயும் இல்ல புள்ள. சத்தியமா அவரை நான் வரையவே இல்ல."

"அந்த மீசை யாரு? அவருக்கும் அதே மாதிரி மீசை இருக்குல்ல?"

"அது ராஜஸ்தான்காரன், பன்வர் சிங்கு. இவரு மீச அப்ப இத்தன பெருசு கெடையாது."

நான் நம்பவில்லை. அந்தப் படத்தையும் சம்பந்தியின் போட்டோவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கென்னவோ ஒரே ஆள் போலத்தான் தெரிந்தது. கோபம் வந்தால் எனக்கு மீசை வைத்தவர்கள் எல்லாரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். சுவரிலிருந்த படங்களையெல்லாம் உரித்துச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

மதிவதனி அழவில்லை, சண்டையும் போடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் வேலைக்குப் போனாள், வந்தாள், போனைக் கவிழ்த்து வைத்தாள். "அவங்கப்பா எதுவுமே பேசமாட்டேங்கறாராம்மா. எங்கிட்ட என்ன குறைன்னு தெரிஞ்சாத் திருத்திக்கலாம்" என்றாள். என் மகளுக்கு என்ன குறை? யார் வீட்டு மீசைக்காக இவள் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும்?

பூவாத்தாளுக்குப் போன் போட்டேன். "கொஞ்ச நாளு போகட்டுங்க அம்மணி, பாக்கலாமுங்க" என்றார். இந்த ஊரில் 'பாக்கலாமுங்க' என்றால் இல்லை என்று அர்த்தம். அதைக் கற்றுக்கொள்ளவே எனக்குப் பல வருஷம் ஆனது.

"கிளம்புங்க, தாராபுரம் போறோம்" என்றேன்.

"கூப்புடாம எப்படிப் போறது?" என்றார் இவர்.

"கூப்பிட்டப்பக் கெட்டதைக் கூப்பிடாமப் போய்த்தான் சரி பண்ணணும். போய் அந்த மீசைப் படத்துக்கு மன்னிப்புக் கேளுங்க."

"அது அவரே இல்லியே."

"யாரா வேணா இருக்கட்டும். கேட்டுத் தொலைங்க."

பல்லடம் வழியாகப் பஸ்ஸில் போனோம். இவர் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு காற்றாலைகளைப் பார்த்தபடி வந்தார். நான் சொல்ல வேண்டியதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

வெள்ளியங்கிரி மாட்டுக் கொட்டகையில் இருந்தார். ராணுவத்துக்குப் பிறகு பாங்கில் துப்பாக்கிக் காவல் வேலை பார்த்து, அதையும் விட்டுவிட்டு இப்போது மாடு வளர்க்கிறார். எங்களைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்தார். "வாங்க, வாங்க அம்மணி. வெயில்ல வந்திருக்கறீங்க" என்று நாற்காலி இழுத்துப் போட்டார். பூவாத்தாள் மோர் கொண்டுவந்தார். தமிழ்ச்செல்வனும் உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றுகொண்டான். மூன்று பேருமே எங்களை அவ்வளவு மரியாதையாக நடத்தினார்கள். யாரும் விஷயத்தை எடுக்கவில்லை.

அமராவதி அணையில் எத்தனை அடி தண்ணீர் இருக்கிறது என்று இவர் கேட்டார். அவர் சொன்னார். உடுமலைப்பேட்டையில் தேங்காய் என்ன விலை போகிறது என்று அவர் சொன்னார். இவர் ஆச்சரியப்பட்டார். பிறகு பால் சொசைட்டியைப் பற்றிப் பேசினார்கள். நான் காலால் இவர் காலை மிதித்தேன்.

இவர் எழுந்து நின்றார். பரேடில் நிற்பது மாதிரி கையை விறைத்துக்கொண்டு, "மச்சான், அந்த மீசைப் படத்துக்கு நீங்க மன்னிக்கோணுமுங்க" என்றார்.

"எந்த மீசைப் படமுங்க?"

"காலுறை காயப் போட்ட படமுங்க."

வெள்ளியங்கிரி இவரை ஏற இறங்கப் பார்த்தார். "அது பன்வர் சிங்குங்கல்ல? பன்வர் சிங்குக்கு வரஞ்ச படத்துக்கு எங்கிட்ட எதுக்குங்க மன்னிப்பு?"

"அதில்லீங்க…"

"அவன் படத்தை எம்படம்னு சொல்லி சமாளிக்கப் பாக்கறீங்களா?" என்றார். குரல் உயரவில்லை. ஆனால் முகம் அன்று எங்கள் வீட்டில் சுண்டியதைவிட அதிகமாகச் சுண்டியது. நாங்கள் காரியத்தைக் கெடுத்துவிட்டோம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தமிழ்ச்செல்வன் தரையைப் பார்த்தான்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. திண்டுக்கல் புத்தி வெளியே வந்துவிட்டது.

"அண்ணா, நான் நேராவே கேட்டுர்றேன். தண்ணி எத்தனை அடி, தேங்கா என்ன விலைன்னு பேசறதுக்கு நான் பஸ் ஏறி வரலை. எம் பொண்ணு ரெண்டு நாளா சரியாச் சாப்பிடலை. தன்கிட்ட என்ன குறைன்னு கேக்குறா. எந்தப் படம் உங்களைக் கஷ்டப்படுத்துச்சு? சொல்லுங்க, அதை அடுப்புல போட்டுர்றேன்."

அவர் என்னைப் பார்த்து, "பொண்ணு தங்கமான பொண்ணுங்க அம்மணி. அதுமேல ஒரு கொறையும் இல்லீங்க" என்றார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "எந்தப் படத்துலயும் நான் இல்லீங்களே. அதானுங்க."

எனக்குப் புரியவில்லை. "இல்லாததுக்கா கோபம்?"

"கம்பெனியில இருந்த அத்தன பேரும் அந்தச் செவுத்துல இருக்கறாங்க. சமையக்காரன் இருக்கறான். சுபேதார் சாப் இருக்கறாரு. கழுத கூட இருக்குதுங்க. நான் மட்டும் இல்ல."

இவர் பதறிப்போனார். "மச்சான், மூத்தவங்க நீங்க. நம்மூரு ஆளு. அத்தன பேருக்கு நடுவுல உங்களை எப்படிங்க நான் கேலி பண்றது? மரியாதைக்குத்தானுங்க உட்டேன்."

உண்மையைச் சொன்னால், இந்த ஊர்க்காரர் ஒருவர்தான் இப்படி ஒரு காரியம் செய்ய முடியும். பஞ்சாபியை வரைவார், மலையாளியை வரைவார், மேலதிகாரியை வரைவார். சொந்த ஊர்க்காரர் என்றால் மரியாதை குறைந்துவிடும் என்று விட்டுவிடுவார். நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"மரியாதைய வெச்சு நான் என்னங்க பண்றது?" என்றார் வெள்ளியங்கிரி. "மாவு மூட்டைச் சமாசாரம் உங்களுக்குத் தெரியுமுங்கல்ல?"

இவர் மோர் டம்ளரைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"தெரியாம இருக்காது. கம்பெனிக்கே தெரியும்." வெள்ளியங்கிரி மகன் பக்கம் திரும்பினார், மனைவி பக்கம் திரும்பினார். அவர்களுக்குச் சொல்வது போலத்தான் பேசினார். "மலை மேல இருந்த பசங்களுக்குச் சாப்பாடு எடுத்துட்டுப் போறதுக்கு லங்கருக்கு வந்திருந்தேன். பொழுது சாயற நேரம். மலைக்கு அக்கட்டயிருந்து எதிரி குண்டு போட ஆரம்பிச்சுட்டான். ஒண்ணு பக்கத்துலயே உழுந்துச்சு. அதுக்கு முன்னாலயும் எத்தனையோ குண்டுச் சத்தம் கேட்டிருக்கறேன். அன்னிக்கு என்னவோ கையும் காலும் எங்கையில இல்ல. சாப்பாட்டு டின்னைக் கீழ போட்டுப்போட்டு லங்கருக்குள்ள ஓடி, கோதும மாவு மூட்டைக்கு நடுவுல போயிப் பூந்துட்டேன். மூட்டை ஒண்ணு கிழிஞ்சு மாவெல்லாம் மேல கொட்டிப்போச்சு. சத்தம் நின்னு வெளிய வந்தா, வாசல்ல அத்தன பேரும் நிக்கறாங்க. நான் தல முதலு காலு வரைக்கும் வெள்ளையா நின்னேன்."

பூவாத்தாள் மோர்ச் சொம்பைக் கீழே வைத்தார்.

"ஒருத்தனும் சிரிக்கல. ஒருத்தன் மாவத் தட்டி உட்டான். சரி, நாளைக்குக் காலைல லங்கர்ல படமா வந்துரும், சிரிச்சு முடிச்சுருவாங்கன்னு நெனச்சனுங்க. காலைல டீ டம்ளரோட எல்லாரும் வந்து நின்னாங்க. படம் குத்தியிருந்த எடத்தப் பாத்தாங்க. கழுதப் படம் இருக்குது. என்னையப் பாத்தாங்க. பேசாமப் போயிட்டாங்க." துண்டை மடித்து மடித்து விரித்தார். "அன்னிக்கே நான் மேல போயிட்டனுங்க. கடைசி வரைக்கும் மேலதான் இருந்தேன். ஆனாலும் உள்ளுக்குள்ள ஒண்ணு தங்கிப்போச்சு. சிரிக்கறதுக்குக் கூட லாயக்கில்லாத காரியத்தப் பண்ணிப்போட்டம்னு. நீங்க படம் போட்டிருந்தா ரெண்டு நாளைக்குச் சிரிச்சுப்போட்டு மறந்திருப்பாங்க. போடாம உட்டீங்க, அது எங்கூடவே ஊட்டுக்கு வந்துருச்சு."

பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "உங்க ஊட்டுச் செவுத்துல இத்தன வருசம் கழிச்சாவது ஒரு மூலையில இருப்பனான்னு பாத்தனுங்க. ரெண்டு தடவ பாத்தேன்" என்று முடித்தார்.

முதலில் வாய் திறந்தது பூவாத்தாள்தான். "அதுக்குத்தானா ஊட்ல சப்பாத்தி போட்டா எந்திரிச்சுப் போறீங்க? நான் சுடறது கல்லு மாதிரி இருக்குதுன்னு இத்தன வருசமா நெனச்சுட்டு இருக்கறேன்" என்றார். சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. தமிழ்ச்செல்வன் அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

எனக்கு அந்த மனிதரின் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இவர் மேல்தான் எரிச்சல் வந்தது. மரியாதையாம் மரியாதை.

இவர் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். திடீரென்று நிமிர்ந்து, "மாப்ள, ஒரு அட்டை இருக்குதுங்களா?" என்று தமிழ்ச்செல்வனிடம் கேட்டார்.

சுவரில் மாட்டுத் தீவனக் கம்பெனியின் பழைய காலண்டர் ஒன்று தொங்கியது. அதைக் கழற்றி அடி அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். மாட்டின் காது வில்லையில் நம்பர் எழுதும் மார்க்கரையும் கொடுத்தான். இவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இவர் படம் போட்டு நான் பார்த்ததே இல்லை. கல்யாணத்துக்கு முன்னாலேயே விட்டுவிட்டார். கேட்டால், கை வரவில்லை என்பார். இப்போது கை வந்தது. முதல் கோடு கொஞ்சம் நடுங்கியது, பிறகு ஓட ஆரம்பித்தது.

நாங்கள் நாலு பேரும் சுற்றி நின்று பார்த்தோம். கூடாரம் வந்தது. அடுக்கடுக்காக மாவு மூட்டைகள் வந்தன. நடுவில் ஒரு மூட்டைக்கு மட்டும் இரண்டு கண்ணும் ஒரு மீசையும் முளைத்தன. மீசை நுனியிலிருந்து மாவு உதிர்ந்தது. பிறகு கூடார வாசலில் ஒரு பீரங்கிக் குண்டு வந்து நின்றது. அதற்குக் கையும் காலும் இருந்தன. தலையை உள்ளே நீட்டி, ரொம்பவும் பணிவாக, "ஏனுங்க, உள்ள எடம் இருக்குதுங்களா?" என்று கேட்டது. மூட்டை, "இல்லீங்க, ஆளு இருக்குதுங்க. போயிப்போட்டு நாளைக்கு வாங்க" என்றது.

வெள்ளியங்கிரிக்கு முதலில் மீசைதான் துடித்தது. பிறகு வயிறு குலுங்கியது. பிறகு நிற்க முடியாமல் போய், தூணைப் பிடித்துக்கொண்டு, இருமி, கண்ணைத் துடைத்து, மறுபடி வந்து பார்த்துச் சிரித்தார். "குண்டுக்கே நாளைக்கு வான்னு சொல்றான் பாரு!" என்றார். பூவாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கொட்டகையில் ஒரு மாடு கத்தியது.

இவர் இன்னும் வரைந்துகொண்டிருந்தார். மீசை முளைத்த மூட்டைக்கு அடியில், வேறொரு மூட்டைக்குள்ளிருந்து இரண்டு கால்களை வரைந்தார். பூட்ஸ் போட்ட கால்கள். ஒரு பூட்ஸின் கயிறு அவிழ்ந்திருந்தது.

"இது ஆருங்க?" என்றார் வெள்ளியங்கிரி, சிரிப்பு அடங்காமலேயே.

இவர் மார்க்கரை மூடினார். "நானுங்க."

"நீங்களா?"

"உங்களுக்கு முன்னாலயே நான் உள்ள வந்துட்டனுங்க. கண்ண மூடிட்டுக் கெடந்தேன். நீங்க ஓடி வந்து எம்மேல உக்காந்தீங்க. நீங்க எந்திரிச்சு வெளிய போனப்ப எல்லாரும் உங்களையப் பாத்தாங்க. நான் பின்னால கூடாரத் துணியத் தூக்கிட்டு வெளிய போயி, அவங்களோடவே வந்து நின்னுட்டேன்." தலை நிமிரவே இல்லை. "மரியாதைன்னு சொன்னது நெசந்தானுங்க. ஆனா அது மட்டும் இல்லீங்க. உங்களை வரையோணும்னா என்னையும் வரையோணும். அதுக்கு எனக்குத் தைரியம் வரலீங்க."

வெள்ளியங்கிரி அட்டையைக் கையில் வாங்கினார். அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பயந்துபோனேன். கூடி வந்த காரியம் மறுபடி கெட்டதென்றே நினைத்தேன்.

"மெத்துன்னு இருந்துச்சு" என்றார் மெதுவாக. "மூட்டை இத்தன மெத்துன்னு இருக்குதேன்னு அன்னிக்கே நெனச்சேன்."

பிறகு, "அப்ப நான் ஒருத்தன் மட்டும் இல்லியா?" என்றார்.

"இல்லீங்க."

"இத்தன வருசமா நான் ஒருத்தன்தான்னு நெனச்சுட்டிருந்தனேடா மாப்ளே!" என்று இவரைத் தூக்கி நிறுத்திக் கட்டிக்கொண்டார். அதுவரை வாங்க போங்க என்று இருந்தவர் அதோடு டா போட ஆரம்பித்துவிட்டார். இவருக்கும் அதற்குப் பிறகு 'ங்க' பாதிதான் வந்தது. ஐம்பது வயசு ஆண்கள் இரண்டு பேர் மாட்டுக் கொட்டகை ஓரம் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்களா, அழுகிறார்களா என்று தெரியாமல் நின்றதைப் பார்த்தபோது, எனக்கு என் வீட்டுக்காரர் மேல் கோபம் வர வேண்டியதுதான் நியாயம். வரவில்லை. ரொம்பப் பிரியமாக இருந்தது. போர்க்கதை சொல்லமாட்டேன் என்று அடம்பிடித்த மனிதர், இதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் என்னோடு குடித்தனம் நடத்தியிருக்கிறார். அடக்கம் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மற்றதெல்லாம் வேகமாக நடந்தது. பூவாத்தாள் ஜோசியருக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்து சாப்பிடுவதாக முடிவானது. கல்யாணத்தைத் தாராபுரத்தில் வைப்பதா கோயமுத்தூரில் வைப்பதா என்று சம்பந்திகள் இருவரும் பேச ஆரம்பித்தார்கள். 'நீ சொல்லு', 'நீங்களே சொல்லுங்க' என்று அது முடியாது என்று தெரிந்ததால், கோயமுத்தூரில்தான் என்று நானே சொல்லிவிட்டேன். தமிழ்ச்செல்வன் போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிப் பக்கம் போனான். யாருக்குப் பேசினான் என்று நான் கேட்கவில்லை. அட்டையை வெள்ளியங்கிரி தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். தன் வீட்டுச் சுவரில் மாட்டப் போகிறாராம். நான் போனில் ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் வீடு வந்து சேர்ந்தபோது மதிவதனி வேலை முடிந்து வந்து வாசலிலேயே நின்றிருந்தாள். தமிழ்ச்செல்வன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் என்று அவள் முகமே சொன்னது. ஆனால் அந்தக் கால்களைப் பற்றி மட்டும் அவன் சொல்லவில்லை போலிருக்கிறது. அதை அவளுடைய அப்பாதான் சொல்ல வேண்டும் என்று விட்டிருக்கிறான். பையன் எனக்கு அங்கேயே இன்னும் கொஞ்சம் பிடித்துப்போனான்.

"படத்தைக் காட்டுங்கப்பா" என்றாள்.

இவர் என் போனை வாங்கி அவளிடம் நீட்டினார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, எங்கப்பா கார்கிலில் சண்டை போட்டவர் என்று மேடையேறிப் பேசிப் பரிசு வாங்கியவள் அவள். அது இவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டார்.

"இந்த மீசைக்காரரு உம்பட மாமனாரு கண்ணு. கீழ தெரியற காலு நானு. குண்டு போட்டப்ப ஒளிஞ்சுக்கிட்டேன்" என்றார்.

மதிவதனி படத்தைப் பெரிதாக்கி அந்தக் கால்களைப் பார்த்தாள். அவிழ்ந்த கயிற்றைப் பார்த்தாள்.

"நல்லவேளை ஒளிஞ்சீங்கப்பா" என்றாள். "இல்லைன்னா நான் எங்க பொறந்திருப்பேன்?"